நெல்லையின் கல்பாலம்



பூச்சோங் வட்டாரத்தில் வாழும் நமக்குக் கிள்ளான் ஆறு புதியதன்று. கோம்பாக் மலைப்பக்கத்தில் பிறந்து, கோலாலம்பூர் நகரத்தின் நடுவே புகுந்து, நம் பூச்சோங்கை உரசிக்கொண்டு, கிள்ளான் பட்டணத்தின் வழியாக மலாக்கா நீரிணையில் கலக்கிறது அந்த ஆறு. அதன் நீளம் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். ஈயச் சுரங்கக் காலத்தில் சேறு சுமந்தது. மழைக்காலத்தில் வீட்டு வாசல் வரை வந்து நம்மைப் பயமுறுத்தியதும் அதுதான். ஆற்றோரத்தில் வாழ்கிறவர்களுக்குப் பாலத்தின் அருமையைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

நாம் சிறு பிள்ளைகளாக இருந்தபோது, எங்கள் லயத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையே ஒரு கால்வாய் ஓடியது. வெட்டிச் சாய்த்த பால்மரத் துண்டுகள் இரண்டைக் குறுக்கே போட்டிருப்பார்கள். அதுதான் எங்களுக்குப் பாலம். ஒரு கையில் புத்தகப் பை, மறு கையில் தம்பி தங்கையின் கை. காலைப் பார்த்துப் பார்த்து வைத்துக் கடப்போம். ஒரு வருடம் அடைமழையில் அந்த மரங்கள் மிதந்து போய்விட்டன. இரண்டு நாள் எங்களுக்குப் பள்ளி இல்லை. மூன்றாம் நாள் பொழுது விடிவதற்கு முன், பிரட்டுக்குப் போகிற நேரத்துக்கும் முந்தி, நான்கைந்து பேர் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் புது மரங்களைக் கொண்டுவந்து போட்டார்கள். போட்டுவிட்டு, ஈரத் துணியோடு அப்படியே வெட்டுக்குப் போனார்கள். அதற்காக யாரும் அவர்களுக்குக் கூலி கொடுக்கவில்லை, மாலை போடவுமில்லை. அவர்கள் யார் யார் என்று இன்று நம்மைக் கேட்டால், இரண்டு பேருடைய பெயர்தான் நினைவுக்கு வருகிறது. மற்றவர்களின் முதுகு நினைவிருக்கிறது, பெயர் மறந்துவிட்டது.

இந்த வெட்கம் நம் மனத்தில் கிடந்ததால்தான் ஒரு பழைய கல்பாலத்தின் வரலாற்றைச் சொல்ல இன்று முன்வந்தோம். அந்தப் பாலம் நம் மூதாதையரின் நாட்டில், தமிழகத்தின் தென்கோடியில், தாமிரபரணி ஆற்றின்மேல் திருநெல்வேலியில் நிற்கிறது. அதற்குச் சுலோச்சன முதலியார் பாலம் என்று பெயர்.

தாமிரபரணி பொதிகை மலையில் பிறக்கிறது. பாபநாசத்தில் சமவெளியில் இறங்கி, அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி ஆகிய ஊர்களைக் கடந்து, நெல்லைக்கு வந்து, கடைசியில் புன்னைக்காயல் என்னும் இடத்தில் மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. அதன் நீளம் சுமார் 128 கிலோமீட்டர். நம் கிள்ளான் ஆற்றைவிடச் சிறிதுதான் கூடுதல் என்று வைத்துக்கொள்ளலாம். தமிழகத்தின் பல ஆறுகள் கோடையில் மணல்வெளியாகிவிடும். தாமிரபரணியோ தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் வாங்கிக்கொள்ளும் ஆறு. ஆதலால் வற்றாத ஆறு என்று பெயர் பெற்றது. வற்றாத ஆறு உழவருக்கு வரம். ஆனால், அக்கரைக்குப் போகவேண்டியவருக்கு ஆண்டு முழுவதும் அது தடை அல்லவா?

திருநெல்வேலி ஒரு கரையில் இருக்கிறது, பாளையங்கோட்டை எதிர்க்கரையில் இருக்கிறது. நெல்லையப்பர் கோயிலும் கடைத்தெருவும் திருநெல்வேலிப் பக்கம். கோட்டையும் பின்னாளில் பேர்பெற்ற பள்ளிகளும் பாளையங்கோட்டைப் பக்கம். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையைக் கும்பினியார் அடைத்துவைத்ததும், 1801-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் தப்பிச் சென்றதும் இந்தப் பாளையங்கோட்டைக் கோட்டையிலிருந்துதான். அதே 1801-ஆம் ஆண்டில் நெல்லைச் சீமையின் ஆட்சி முழுவதும் கும்பினியாரின் கைக்கு வந்தது. கலெக்டர் அலுவலகம் பாளையங்கோட்டைக் கரையில், ஆற்றை ஒட்டியுள்ள கொக்கிரகுளத்தில் அமைந்தது. வழக்கு, வரி, மனு எதுவானாலும் மக்கள் ஆற்றைக் கடந்துதான் கொக்கிரகுளம் போகவேண்டும்.

எப்படிக் கடந்தார்கள்? கோடையில் நீர் குறைந்த இடத்தில் இறங்கி நடந்தார்கள். மற்றக் காலத்தில் படகுத்துறையில் காத்துக் கிடந்தார்கள். படகு சிறிது, கூட்டம் பெரிது. யார் முதலில் ஏறுவது என்று தள்ளுமுள்ளும் வாய்ச்சண்டையும் கைகலப்பும் நடக்கும். செல்வாக்குள்ளவர் முன்னால் ஏறுவார். ஏழை எளியவர் பொழுது சாயும் வரை கரையில் நிற்பார். ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டால் இரண்டு ஊரும் இரண்டு நாடு போலப் பிரிந்துவிடும்.

1840-ஆம் ஆண்டில் தாம்சன் என்பவர் நெல்லைக் கலெக்டராக இருந்தார். பாலம் கட்டவேண்டும் என்ற முடிவு அப்போது எடுக்கப்பட்டது. பாலத்தின் வரைபடத்தைக் கேப்டன் பேபர் என்னும் இராணுவப் பொறியாளர் தயாரித்தார். கட்டும் பொறுப்பு ஹார்ஸ்லி என்பவரிடம் வந்தது. செலவு ஐம்பதாயிரம் ரூபாய் என்று கணக்கிட்டார்கள். கூலிக்காரர் ஒருவர் மாதம் முழுவதும் உழைத்தாலும் சில ரூபாய்களே கையில் கண்ட காலம் அது. அந்தக் காலத்து ஐம்பதாயிரம் எவ்வளவு பெரிய தொகை என்று நீங்களே எண்ணிப்பாருங்கள்.

இந்தப் பணம் எங்கிருந்து வரும்? பொதுமக்களிடம் நன்கொடை திரட்டலாம் என்று பேச்சு எழுந்தது. கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்ததாராக இருந்தவர் சுலோச்சன முதலியார். சிரஸ்ததார் என்பது அந்த அலுவலகத்தில் இந்தியர் ஒருவர் அடையக்கூடிய மிக உயர்ந்த பதவி. வரிக் கணக்கும் ஊர் நிலவரமும் அவர் விரல்நுனியில் இருக்கும். மக்களிடம் கை நீட்டினால் என்ன கிடைக்கும், யாருக்கு அது சுமையாகும் என்பதும் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஐம்பதாயிரம் ரூபாயையும் தாமே தருவதாக அவர் முன்வந்தார். அவர் எடுத்த முடிவுக்கு மனைவியார் வடிவாம்பாள் தம் நகைகளையும் கழற்றித் தந்து துணை நின்றதாக நெல்லை மக்கள் இன்றும் சொல்வார்கள்.

பாலத்தின் அளவை இப்போது பார்ப்போம். மாணவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மொத்தம் 11 வளைவுகள். ஒவ்வொரு வளைவின் அகலமும் 60 அடி. பதினொன்றை அறுபதால் பெருக்கினால் 660 அடி. பாலத்தின் நீளம் 760 அடி. மிச்சமுள்ள 100 அடி என்ன ஆயிற்று? வளைவுகளுக்கு இடையில் ஆற்றில் ஊன்றி நிற்கும் தூண்களின் பருமன் அது. மேலே போகும் பாதையின் அகலம் இருபத்தொன்றரை அடி. இரண்டு மாட்டு வண்டிகள் எதிரும் புதிருமாக ஒதுங்கிப் போகலாம்.

இவ்வளவு பெரிய பாலத்தை இரும்புக் கம்பியும் சிமெண்டும் இல்லாமல் எப்படி நிறுத்தினார்கள்? வளைவில்தான் அந்த வித்தை இருக்கிறது. முதலில் மரத்தால் வளைவான சாரம் கட்டுவார்கள். அதன்மேல் இரண்டு பக்கத்திலிருந்தும் கற்களை அடுக்கிக்கொண்டே வருவார்கள். மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்கும்படி ஆப்பு வடிவில் கற்கள் செதுக்கப்பட்டிருக்கும். இரண்டு வரிசையும் உச்சியில் சந்திக்கும் இடத்தில் கடைசிக் கல்லை இறுக்கி வைப்பார்கள். பிறகு சாரத்தைப் பிரித்தாலும் வளைவு விழாது. ஒவ்வொரு கல்லும் கீழே விழப் பார்க்கும். ஆனால், பக்கத்துக் கல் அதற்கு வழி விடாது. எல்லாக் கற்களும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, பாரத்தைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளித் தூணிடம் கொண்டுபோய் ஒப்படைக்கும். பாரம் ஏற ஏற இறுக்கமும் கூடும். ஒரு கல் மட்டும் தனியாக எதையும் தாங்கவில்லை. சங்கம் வைத்துப் போராடிய தோட்டத்து மக்களுக்கு இந்தப் பாடம் எளிதில் விளங்கும்.

கற்களைப் பிணைத்தது சுண்ணாம்புக் காரை. நம் பக்கத்திலும் அந்தக் காலத்தில் இதே கைவேலை நடந்தது. சிங்கப்பூரில் 1862-ஆம் ஆண்டு அர்ப்பணிக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் சுவரைப் பூசியது சென்னைச் சுண்ணாம்புதான். சிப்பிச் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுப் பதமாக்கிப் பூசுவார்கள். காய்ந்தபின் கல்லைக் கொண்டு தேய்த்தால் பளிங்கு போல மின்னும். தேவாலயத்தைக் கட்டியவர்கள் யார் தெரியுமா? இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட சிறைக் கைதிகள். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் சதுப்பு நிலத்தை மேடாக்கிச் சடக்குப் போட்டவர்களும் பாலம் கட்டியவர்களும் அவர்களே. 1873-ஆம் ஆண்டு வரையில் அந்தக் கைதி முறை சிங்கப்பூரில் நீடித்தது.

நெல்லைக்குத் திரும்புவோம். சென்னை மாகாணத்திலும் சாலை வேலைக்குச் சிறைக் கைதிகளை இறக்குவது அன்றைய வழக்கம். சுலோச்சன முதலியார் பாலத்திலும் கைதிகள் வேலை செய்ததாகச் சொல்லப்படுகிறது. அவர்களோடு கல்தச்சர், கொத்தனார், சுண்ணாம்பு இடித்தவர், மண் சுமந்த பெண்கள், பாறையைக் கரைக்கு இழுத்து வந்த வண்டிக்காரர் என்று எத்தனையோ பேர் மூன்று ஆண்டுக் காலம் அந்த ஆற்றில் உழைத்திருக்கவேண்டும். 1843-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பாலம் திறக்கப்பட்டது.

அந்த 1840-களில்தான் பினாங்குக்கு எதிர்க்கரையில், இன்று செபராங் பிறை என்று வழங்கும் பகுதியில், கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வரத் தொடங்கியிருந்தார்கள். இரப்பர் இங்கே வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முந்திய காலம் அது. நெல்லையில் ஒரு பாலம் எழுந்துகொண்டிருந்தபோது, கடலுக்கு இந்தப் பக்கம் நம் மூதாதையரின் முதல் தலைமுறை மண்வெட்டி பிடித்து நின்றது என்று நாம் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நெல்லைப் பாலத்துக்கு ஒரு முன்மாதிரி உண்டு. இலண்டன் மாநகரில் தேம்ஸ் ஆற்றின்மேல் 1817-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வாட்டர்லூ பாலம்தான் அது. ஜான் ரென்னி என்ற பெயர்பெற்ற பொறியாளர் அமைத்தது. கருங்கல்லால் ஆன ஒன்பது வளைவுகள் அதற்கு இருந்தன. தூண்களின் முகப்பில் இரட்டை இரட்டையாக அலங்காரக் கம்பங்கள் நின்றன. அந்த அழகைப் பார்த்துத்தான் தாமிரபரணிப் பாலத்துக்கும் அதே போன்ற கம்பங்களை வைத்தார்கள்.

தாய்ப்பாலம் பிழைக்கவில்லை. ஆற்று நீர் தூணைச் சுற்றி வேகமாகச் சுழலும்போது, அடியிலுள்ள மண்ணை அரித்துக்கொண்டு போகும். அப்படி அரிக்கப்பட்டு வாட்டர்லூ பாலத்தின் தூண்கள் அமிழத் தொடங்கின. 1930-களில் அதை இடித்துவிட்டுப் புதிய பாலம் கட்டினார்கள். இரண்டாம் உலகப் போர் நடந்த காலத்தில் அந்த வேலை நடந்தது. ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டதால் பெண்கள் பலர் அங்கே வேலைக்கு வந்தார்கள். 1945-ஆம் ஆண்டு திறப்பு விழாவில் பேசியவர், பாலத்தைக் கட்டிய ஆண்களைப் பாராட்டிப் பேசினார். பெண்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் தேம்ஸ் ஆற்றுப் படகோட்டிகள் மட்டும் பல காலமாக அதைப் பெண்கள் பாலம் என்று சொல்லி வந்தார்கள். அவர்கள் வாய்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு, ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, வரலாற்று ஆய்வாளர்கள் வயதான பெண்களைத் தேடிப் பிடித்துப் பேசவைத்தார்கள். பழைய படங்களையும் தேடி எடுத்தார்கள். அதன் பிறகே அந்தப் பெண்களின் உழைப்பு ஏட்டில் ஏறியது. தாய்மார்களே, இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்கு வருவோம்.

நெல்லைப் பாலத்துக்கும் சோதனை வராமல் இல்லை. 1869-ஆம் ஆண்டு பெருவெள்ளத்தில் அதன் ஒரு பகுதி இடிந்து போயிற்று. 1871-இல் அதைப் பழுதுபார்த்து மீண்டும் திறந்தார்கள். மாட்டு வண்டிக்காகக் கட்டிய பாலத்தின்மேல் பேருந்தும் லாரியும் ஓடவேண்டிய நாள் வந்தபோது, அதை அகலப்படுத்தினார்கள். அண்மைக் காலத்தில் அதன் பக்கத்திலேயே இன்னொரு பாலமும் எழுந்திருக்கிறது. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் தென்மாவட்டங்களில் வரலாறு காணாத மழை பெய்து, தாமிரபரணி கரைபுரண்டு நெல்லைக்குள் புகுந்தது. வீடுகள் மூழ்கின, ஊர்கள் தனித்துப் போயின. பழைய பாலம் அதையும் தாங்கி நின்றது. 2021 டிசம்பரில் கிள்ளான் ஆற்றின் வெள்ளத்தில், நமக்கு அருகிலுள்ள தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி உதவிக்குக் காத்திருந்தார்களே, அந்த நாட்களைக் கண்டவர்களுக்கு இதன் பொருள் தெரியும்.

ஆனால், பாலத்தின் வரலாறு என்பது கல்லின் கதை மட்டும் அன்று. பாலத்துக்கு அருகில் மக்களுக்கு என்ன நடந்தது என்பதும் அதில் சேரும். நெல்லைப் பாலத்தின் ஓரத்தில் நடந்த ஒரு துயரத்தைத் தோட்டத்து மக்களாகிய நாம் கட்டாயம் தெரிந்துகொள்ளவேண்டும்.

அம்பாசமுத்திரத்துக்கு மேலே, மேற்குத் தொடர்ச்சி மலையில், மாஞ்சோலை என்றொரு தேயிலைத் தோட்டம் இருந்தது. நம்மைப் போலவே லயத்தில் வாழ்ந்து, விடியற்காலையில் பிரட்டுக்கு நின்று, தலைமுறை தலைமுறையாக உழைத்த மக்கள் அங்கே இருந்தார்கள். அந்த மலையில் பெய்யும் மழை மணிமுத்தாறாகி இறங்கித் தாமிரபரணியில் கலக்கிறது. கூலி உயர்வு கேட்டும், சிறையிலிருந்த தொழிலாளர்களை விடுவிக்கக் கேட்டும், 1999-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள் அவர்களும் அவர்களுக்கு ஆதரவானவர்களும் நெல்லையில் ஊர்வலமாகச் சென்றார்கள். கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுப்பது அவர்கள் நோக்கம். அலுவலகத்தை நெருங்கும்போது காவலர்கள் தடியடி நடத்தினார்கள். ஒரு பக்கம் தடி, மறு பக்கம் ஆறு. மக்கள் ஆற்றில் இறங்கினார்கள். பதினேழு பேர் இறந்துபோனார்கள். அவர்களுள் இரண்டு பெண்கள் உண்டு. ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 23-ஆம் நாள் அந்த ஆற்றில் மலர் தூவி அஞ்சலி செலுத்துகிறார்கள்.

நேயர்களே, இதைச் சொல்லும்போது நமக்கு ஓர் எண்ணம் தோன்றுகிறது. படகுக்குக் காத்து நின்ற எளியவர் அடுத்த கரையிலுள்ள அலுவலகத்துக்குப் போய்ச் சேரவேண்டும் என்றுதான் 1843-இல் பாலம் வந்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகும், அந்த அலுவலகத்தின் வாசலுக்கும் எளியவருக்கும் நடுவில் ஓர் ஆறு கிடந்தது. அதைக் கடக்கக் கல்லும் சுண்ணாம்பும் போதவில்லை. கல்பாலத்தைக் கட்டி முடித்து ஒரு நாளில் திறந்துவிடலாம். மற்றதைக் கட்டுகிற வேலை ஒவ்வொரு தலைமுறைக்கும் புதிதாக வருகிறது.

இப்போது நம் சொந்த ஆற்றுக்கு வருவோம். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் நோக்கிப் போட்ட இருப்புப்பாதை 1886-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. முதலில் அது புக்கிட் கூடா வரைதான் வந்தது. காரணம், எதிரே ஆறு. 1890-இல் கன்னாட் பாலம் கட்டிய பிறகே இரயில் கிள்ளான் பட்டணத்துக்குள் நுழைந்தது. பட்டணத்தின் இரண்டு பகுதிகளையும் இணைக்க 1908-ஆம் ஆண்டு ஒரு பாலம் திறந்தார்கள். அப்போது சிலாங்கூர் ரெசிடெண்டாக இருந்த பெல்பீல்டு துரையின் பெயரை அதற்கு வைத்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்தப் பாலம் அழிந்துபோயிற்று. பிறகு, மெர்டேக்காவை ஒட்டிய ஆண்டுகளில், கோத்தா பாலம் வந்தது. மேல் தட்டில் வாகனம், கீழ்த் தட்டில் நடைபாதை என்று இரண்டடுக்காகக் கட்டிய பாலம் அது. கிள்ளான் சந்தைக்குப் போன நம் தாத்தா பாட்டிமார் பலர் அதன் கீழ்த் தட்டில் நடந்தவர்கள்தான். இன்று அதன் பக்கத்தில் புதுப்பாலம் நிற்கிறது. வாகனங்கள் அதன்மேல் ஓடுகின்றன.

இருப்புப்பாதைக்கு மண் வெட்டியவர்களிலும், சடக்குக்குக் கல் உடைத்தவர்களிலும் தமிழர் பலர். காய்ச்சலில் விழுந்தவர் உண்டு. ஊர் திரும்பாதவர் உண்டு. பெல்பீல்டு துரையின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. ஆற்றில் இறங்கித் தூணுக்குக் குழி தோண்டியவர் பெயர் எங்கே இருக்கிறது?

சுலோச்சன முதலியாரின் கொடையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. தம் செல்வத்தைப் பூட்டி வைக்காமல், முகம் தெரியாதவர்கள் நடப்பதற்கு வழியாக்கித் தந்தார். அவர் பெயர் நிலைத்தது முறைதான். வரைபடம் போட்டவர் பெயரும் ஏட்டில் இருக்கிறது; அதுவும் முறைதான். மூன்றாவதாக ஒருவர் உண்டு. கல்லைத் தோளில் சுமந்தவர் அவர். அவருடைய பெயர் இல்லாமல் பாலத்தின் வரலாறு முழுமையடையாது.

நம் பூச்சோங்கையே பாருங்கள். இரப்பரும் செம்பனையும் நின்ற இடத்தில் இன்று அடுக்குமாடிகளும் கடைவீதிகளும் நிற்கின்றன. தோட்டங்கள் ஒவ்வொன்றாக விற்கப்பட்டன, லயங்கள் உடைக்கப்பட்டன. பள்ளிக்கூடத்தின் பெயரில் மட்டும் தோட்டத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம்மிடம் படிக்கும் பிள்ளைகளில் பலர் பால்மரத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. மங்கு எது, வாளி எது என்று படம் வரைந்து காட்டவேண்டியிருக்கிறது. இடம் மாறுவதை நாம் தடுக்க முடியாது. நினைவும் மாறிப் போய்விடாமல் காப்பது நம் கையில்தான் இருக்கிறது.

இலண்டன் பாலத்தின் பெண்களை மீட்டது என்ன என்று எண்ணிப்பாருங்கள். படகோட்டிகளின் வாய்ச்சொல்லும் பாட்டிமாரின் நினைவும்தானே? அதே செல்வம் நம் வீட்டுத் திண்ணையிலும் அடுக்குமாடி வரவேற்பறையிலும் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கேட்டு எழுதுவதற்குப் பட்டப் படிப்புத் தேவையில்லை. நான்கு கோடு போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

மாணவச் செல்வங்களே, இந்த வாரம் உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறோம். உங்கள் தாத்தாவையோ பாட்டியையோ அருகில் உட்காரவைத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். நம் குடும்பத்தில் முதன்முதலாக இந்த நாட்டுக்கு வந்தவர் யார், எந்த ஊரிலிருந்து வந்தார்? நீங்கள் வாழ்ந்த தோட்டத்தில் சடக்கும் பாலமும் கோயிலும் பள்ளியும் கட்டியபோது யார் யார் வேலை செய்தார்கள்? அவர்களுள் பாட்டிமார் யார் யார்? சொல்வதைச் சொன்னபடியே எழுதுங்கள். பெயர்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். தெரிந்த பெயர் இரண்டே இரண்டாக இருந்தாலும் எழுதுங்கள். பெரியோர்களே, பிள்ளைகள் கேட்கும்போது அதெல்லாம் எதற்கு என்று தட்டிவிடாதீர்கள். நீங்கள் சொல்லாவிட்டால் சொல்வதற்கு வேறு ஆள் இல்லை.

இந்தப் பேச்சை எழுதி முடிப்பதற்கு முன்னால், நம் கால்வாயில் மரம் போட்டவர்களைப் பற்றி, இப்போது வயதாகிவிட்ட ஒரு தாயாரிடம் கேட்டோம். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு மூன்றாவது பெயரைச் சொன்னார். அந்த மூன்றாமவர் ஓர் ஆண் அல்லர். பால் சுமந்து மகனைப் படிக்கவைத்த ஒரு பெண்மணி. நாம் பார்த்த முதுகுகளில் ஒன்று அவருடையது என்று இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டோம். இன்னும் இரண்டொரு பெயர்கள் மிச்சம் இருக்கின்றன. தேடிக்கொண்டிருக்கிறோம்.

நீங்களும் தேடுங்கள்.